திரையே தீர்மானிக்கிறது: கேமிங் கணினியில் செயலியும் கிராபிக்ஸ் கார்டும்

கேமிங் கணினி அசெம்பிள் செய்யக் கிளம்பும் எவரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இந்த பிராசஸருக்கு இந்தக் கார்டு ஒத்துப்போகுமா?" நியாயமான கேள்விதான், ஆனால் அரைகுறையானது. எந்த மானிட்டரில், எந்த விளையாட்டை, வினாடிக்கு எத்தனை பிரேம் எதிர்பார்த்து ஆடப்போகிறோம் என்பது தெரியாமல் இந்த இரண்டுக்கும் பொருத்தம் பார்க்க முடியாது. செயலியின் பெயரையும் கார்டின் பெயரையும் கொடுத்தால் 'பாட்டில்நெக்' இத்தனை சதவீதம் என்று சொல்லும் இணையக் கணிப்பான்கள் நம்பத்தகாதவையாக இருப்பதும் இதனால்தான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். தடையே இல்லாத கணினி உலகில் இல்லை. வேகத்துக்கு எங்கோ ஓரிடத்தில் வரம்பு விழுந்தே தீரும். அந்த வரம்பு எங்கே விழுந்தால் நமக்கு நல்லது என்பதே சமநிலை பற்றிய பேச்சின் சாரம்.

ஒரு பிரேமுக்குள் நடப்பது

விளையாட்டு என்பது அடுத்தடுத்து வரையப்படும் படங்களின் வரிசை. வினாடிக்கு 60 படம் வேண்டுமானால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிவினாடி. 144 படம் என்றால் 6.9. 240 படம் என்றால் 4.2 தான்.

இந்த நேரத்துக்குள் செயலிக்கு ஒரு பட்டியல் வேலை இருக்கிறது. விசைப்பலகையும் மவுஸும் சொன்னதைப் படிக்க வேண்டும். எதிரிகள் எங்கே நகர்கிறார்கள், எது எதன்மேல் மோதுகிறது, சர்வரிலிருந்து என்ன வந்தது என்று கணக்கிட வேண்டும். பிறகு, கண்ணுக்குத் தெரியும் பொருட்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் வரையச் சொல்லும் ஆணைகளைத் தயாரிக்க வேண்டும். 'டிரா கால்' என்பது இதுதான். அந்த ஆணைகளைக் கார்டுக்குப் புரியும்படி மாற்றும் டிரைவர் மென்பொருளும் செயலியின் மீதுதான் ஓடுகிறது. அதன்பின் கார்டின் வேலை தொடங்குகிறது: முக்கோணங்கள், டெக்ஸ்சர், ஒளி, நிழல், கடைசியில் ஒவ்வொரு பிக்சலின் நிறம்.

கார்டு ஒரு பிரேமை வரையும்போதே செயலி அடுத்த பிரேமைத் தயார் செய்துகொண்டிருக்கும். அதனால் இரண்டின் நேரத்தையும் கூட்டக்கூடாது. இரண்டில் எது அதிகமோ அதுவே வேகத்தை நிர்ணயிக்கும். செயலிக்கு 8 மில்லிவினாடி, கார்டுக்கு 14 என்றால் கிடைப்பது சுமார் 71 எஃப்பிஎஸ் (வினாடிக்கு 71 பிரேம்). கார்டை மாற்றி 14-ஐ 7 ஆக்கினால் இப்போது செயலியின் 8 தான் பெரியது. 125 எஃப்பிஎஸ் வரும். இன்னும் பணம் போட்டு 4 மில்லிவினாடியில் வரையும் கார்டு வாங்கினாலும் அதே 125 தான். இரண்டாவது முறை செலவழித்த பணம் அத்தனையும் வீண்.

பிக்சல் கணக்கு

1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 1440பி திரையில் 36.9 லட்சம். 4கே திரையில் 82.9 லட்சம். 1080பி-யிலிருந்து 4கே-க்குப் போனால் கார்டு நிறம் தீட்ட வேண்டிய புள்ளிகள் சரியாக நான்கு மடங்கு ஆகின்றன. செயலியின் வேலையோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. மேஸ்திரி "இந்தச் சுவருக்கு நீலம், அந்தச் சுவருக்கு வெள்ளை" என்று சொல்வதற்கு ஆகும் நேரம் சுவரின் அளவைப் பொறுத்ததல்ல. பெயின்டர்களின் உழைப்புதான் சுவரோடு சேர்ந்து வளர்கிறது. திரை பெரிதானாலும் எதிரிகளின் எண்ணிக்கை கூடுவதில்லை, மோதல் கணக்கும் மாறுவதில்லை.

இதிலிருந்து கிடைக்கும் விதி எளிமையானது. திரையின் ரெசல்யூஷன் கார்டின் தேவையைச் சொல்கிறது. திரையின் ஹெர்ட்ஸ், அதாவது நாம் விரும்பும் எஃப்பிஎஸ், செயலியின் தேவையைச் சொல்கிறது. 4கே டிவியில் வினாடிக்கு 60 பிரேம் போதும் என்பவருக்கு நடுத்தரச் செயலியே தாராளம். கார்டு பெரிதாக வேண்டும். 1080பி, 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில் துப்பாக்கிச் சண்டை ஆடுபவருக்கு நடுத்தரக் கார்டு போதும். ஒவ்வொரு பிரேமையும் 4.2 மில்லிவினாடிக்குள் தயார் செய்து கொடுக்கும் செயலி வேண்டும்.

விமர்சகர்கள் செயலிகளைச் சோதிக்கும்போது சந்தையின் உச்சக் கார்டைப் பொருத்தி 1080பி-யில் ஓட்டுவதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. கார்டு தடையாக நின்றால் செயலிகளுக்கு இடையிலான வித்தியாசம் வெளியே தெரியாது. சோதனை முறை சரியானது. ஆனால் ஆர்டிஎக்ஸ் 4090 வைத்து எடுத்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, ஆர்டிஎக்ஸ் 4060 வைத்திருப்பவர் விலையுயர்ந்த செயலிக்கு ஓடினால், அந்த வித்தியாசம் அவர் வீட்டில் பெரும்பாலும் தென்படாது. அவருடைய கார்டு அதற்கு முன்பே வரம்பைத் தொட்டிருக்கும்.

விளையாட்டுக்கு விளையாட்டு மாறும் சுமை

வேலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகள் கார்டை அதிகம் வாட்டுவதில்லை. நடுத்தரக் கார்டிலேயே நூற்றுக்கணக்கில் எஃப்பிஎஸ் வரும். அந்த உயரத்தில் செயலிதான் மூச்சு வாங்கும். நகரம் கட்டும் விளையாட்டுகள், விமானப் பயிற்சி விளையாட்டுகள், ஆயிரக்கணக்கான அலகுகளை நகர்த்தும் வியூக விளையாட்டுகள் ஆகியவற்றில் கணக்கீடே பிரதானம். ஆட்டம் நீள நீளச் செயலியின் சுமை ஏறும். சைபர்பங்க் 2077 போன்ற கதை விளையாட்டில் 2023-இல் வந்த பாத் டிரேஸிங்கை இயக்கினால், எப்பேர்ப்பட்ட கார்டும் தடுமாறும்.

ஒரே விளையாட்டுக்குள்ளேயே சுமை இடம் மாறுவதும் உண்டு. 2024 மார்ச்சில் வெளியான டிராகன்ஸ் டாக்மா 2 காட்டுவெளியில் ஒழுங்காக ஓடியது. மனிதர்கள் நிறைந்த ஊருக்குள் நுழைந்ததும் திணறியது. ஒவ்வொரு பாத்திரத்தின் நடமாட்டத்தையும் கணக்கிடச் செயலி மிகுதியாகப் பயன்படுகிறது என்று தயாரிப்பாளரான கேப்காம் நிறுவனமே விளக்கம் தந்தது. பால்டர்ஸ் கேட் 3-இன் மூன்றாம் பாகத்து நகரத்திலும் இதே கதைதான். விளையாட்டின் முதல் அரை மணி நேரத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுச் 'சரியான ஜோடி' என்று தீர்ப்புச் சொல்வது அவசரம்.

கன்சோல்களின் பங்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4-இல் இருந்தவை 1.6 கிகாஹெர்ட்ஸில் ஓடிய எட்டு ஜாகுவார் கோர்கள். அன்றைய கணினிச் செயலிகளோடு ஒப்பிட்டால் அவை மிகவும் பலவீனமானவை. பெரிய விளையாட்டுகள் அந்தச் செயலியில் ஓடும்படி எழுதப்பட்டதால், அந்தக் காலத்தில் கணினியில் சாதாரணச் செயலியை வைத்துக்கொண்டே காலம் தள்ள முடிந்தது. 'பணத்தையெல்லாம் கார்டில் போடு, செயலி எதுவானாலும் பரவாயில்லை' என்ற அறிவுரை வேரூன்றியது அப்போதுதான். 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5-உம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் ஜென் 2 வகை எட்டுக் கோர்களோடு வந்தபின் அந்த வசதி மெல்லக் கரைந்தது. அறிவுரை மட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

கோர் எண்ணிக்கை என்னும் மாயை

செயலி விளம்பரங்களில் பெரிதாகத் தெரிவது கோர்களின் எண்ணிக்கை. விளையாட்டில் அதற்கு ஓர் எல்லை உண்டு. கணினியியலாளர் ஜீன் அம்டால் 1967-இல் முன்வைத்த வாதம் இதற்கு அப்படியே பொருந்தும்: ஒரு வேலையில் பகிர்ந்துகொள்ள முடியாத பகுதி எவ்வளவோ, அதுவே இறுதி வேகத்தைக் கட்டுப்படுத்தும். 16 மில்லிவினாடி வேலையில் 8 மில்லிவினாடி ஒரே கோரில் வரிசையாக நடந்தாக வேண்டும் என்றால், நூறு கோர் இருந்தாலும் 125 எஃப்பிஎஸ்ஸைத் தாண்ட வழியில்லை. பெரும்பாலான விளையாட்டுகளில் வரிசையாக ஓடும் அப்படியொரு முதன்மை இழை (த்ரெட்) இருக்கிறது. ஆறு கோர் வரை பலன் நன்றாகத் தெரியும். எட்டைத் தாண்டினால் விளையாட்டுக்கு என்று கிடைப்பது சொற்பம். வீடியோ எடிட்டிங், ரெண்டரிங் செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு.

கோர்களைவிடவும் மெகாஹெர்ட்ஸைவிடவும் கேஷ் நினைவகம் எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டியது ஏஎம்டி 2022 ஏப்ரலில் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி. அதற்கு முந்தைய 5800எக்ஸுக்கும் எட்டுக் கோர்தான். புதியதன் உச்ச வேகம் 4.7-இலிருந்து 4.5 கிகாஹெர்ட்ஸாகக் குறைந்தே இருந்தது. ஆனால் எல்3 கேஷ் 32 மெகாபைட்டிலிருந்து 96 மெகாபைட் ஆனது. பெரும்பாலான விளையாட்டுகளில் அது அண்ணனை முந்தியது. விளையாட்டின் கணக்குகள் நினைவகத்தில் அங்குமிங்கும் சிதறிக்கிடக்கும் சின்னச் சின்னத் தரவுகளைத் தேடி அலைபவை. தேடும் தரவு செயலிக்குள்ளேயே இருந்தால் ரேமுக்குப் போய்வரும் காத்திருப்பு மிச்சம். 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி என்று அந்த வரிசை தொடர்ந்ததற்கும் இதுவே காரணம்.

பெயரை நம்பி ஏமாறுவதும் இங்கேதான் நடக்கிறது. பழைய கணினிச் சந்தைகளில் 'ஐ7' என்ற பெயருக்கு இன்னும் மவுசு இருக்கிறது. 2013-இன் ஐ7-4770-க்கும் 2022-இன் ஐ3-12100எஃப்-க்கும் நான்கு கோர், எட்டு இழை. ஆனால் ஒரு கோரின் வேகத்தில் ஐ3 பல படி மேலே. அந்த ஐ7-இன் அருகில் புதிய கார்டு ஒன்றைப் பொருத்துவது, கார்டின் பலத்தில் பாதியைப் பெட்டிக்குள்ளேயே பூட்டி வைப்பது.

சராசரி மறைக்கும் திணறல்

நீண்ட காலம் விளையாட்டின் வேகத்தைச் சராசரி எஃப்பிஎஸ்ஸால் மட்டுமே அளந்தார்கள். 2011-இல் 'தி டெக் ரிப்போர்ட்' இணையதளத்தின் ஸ்காட் வாசன் ஒரு வினாடிக்குள் ஒவ்வொரு பிரேமும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று பிரித்துக் காட்டி, அளக்கும் முறையையே மாற்றினார். வினாடிக்கு 100 பிரேம் வந்தாலும் அதில் ஒன்று 80 மில்லிவினாடி எடுத்துக்கொண்டால் கண்ணுக்குத் தெரிவது வெட்டுதான். இன்று விமர்சனங்களில் வரும், மிக மெதுவான ஒரு சதவீதப் பிரேம்களின் வேகத்தைக் காட்டும் '1 சதவீத லோ' என்ற எண் அந்த மரபில் வந்தது.

சமநிலை பற்றிய பேச்சுக்கு இது முக்கியம். கார்டு தடையாக இருக்கும்போது பிரேம்கள் மெதுவாக வந்தாலும் பெரும்பாலும் சீராக வரும். செயலி தடையாக இருக்கும்போது சராசரி நன்றாக இருந்தும் ஆட்டம் திக்கித் திக்கி ஓடும். மேலும், கார்டு போதாவிட்டால் நிழலைக் குறைக்கலாம், ரெசல்யூஷனை இறக்கலாம். சமாளிக்க வழி நிறைய. செயலி போதாவிட்டால் கூட்டத்தின் அடர்த்தி, பார்வைத் தூரம், ரே டிரேஸிங் என்று ஒருசில அமைப்புகள்தான் கை கொடுக்கும். தடை கார்டின் பக்கம் இருப்பதே நல்லது என்று அனுபவசாலிகள் சொல்வதில் இந்த நியாயம் இருக்கிறது.

அப்ஸ்கேலிங் மாற்றிய கணக்கு

என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் போன்ற நுட்பங்கள் பிக்சல் கணக்கைக் குழப்பிவிட்டன. 4கே மானிட்டரில் டிஎல்எஸ்எஸ்-ஐ 'குவாலிட்டி'யில் வைத்தால் கார்டு உண்மையில் வரைவது 1440பி. 'பெர்ஃபார்மன்ஸ்' என்றால் 1080பி. மிச்சத்தை நுட்பம் ஊகித்து நிரப்புகிறது. கார்டின் சுமை இறங்கி எஃப்பிஎஸ் ஏறும்போது செயலி அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். '4கே-யில் ஆடுகிறேன், செயலி எதுவானாலும் சரி' என்ற பழைய ஆறுதல் இப்போது முழுமையாகச் செல்லாது.

பிரேம் ஜெனரேஷன் கதை வேறு. 2022-இல் டிஎல்எஸ்எஸ் 3-உடன் வந்த இந்த நுட்பத்தில், இரண்டு உண்மைப் பிரேம்களுக்கு நடுவில் கார்டே ஒன்றை உருவாக்கிச் செருகுகிறது. செயலிக்கு இதில் வேலை மிகக் குறைவு என்பதால், செயலி தடையாக இருக்கும் கணினியிலும் திரையில் ஓட்டம் மென்மையாகத் தெரியும். ஆனால் செருகிய பிரேமில் உங்கள் மவுஸ் அசைவுக்கான பதில் இல்லை. கதை விளையாட்டில் இது வரம். போட்டி விளையாட்டில் பயனில்லை. பலவீனமான செயலிக்கு இதை மருந்தாக நம்பி வாங்கக்கூடாது.

பட்டியலில் தெரியாத தடைகள்

செயலி, கார்டு இரண்டும் சரியாக இருந்தும் ஆட்டம் சொதப்பினால் வேறு சில இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது டிரைவர். 2024 டிசம்பரில் இன்டெல் வெளியிட்ட ஆர்க் பி580 கார்டுக்கு 12 ஜிபி நினைவகமும் 249 டாலர் விலையும் பாராட்டைப் பெற்றுத் தந்தன. அடுத்த மாதமே, சற்றுப் பழைய செயலிகளோடு பொருத்தினால் அதன் வேகம் எதிர்பார்த்ததைவிட அதிகம் சரிகிறது என்று சோதனைகள் காட்டின. டிரைவர் செயலியிடம் கேட்கும் வேலை கூடுதலாக இருந்ததே காரணம். சிக்கனத்துக்காக வாங்கும் கார்டு, சிக்கனமான செயலியோடு சேரும்போதே தடுமாறியது.

இரண்டாவது பிசிஐஇ இணைப்பு. 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு நான்கு தடங்கள், 4 ஜிபி நினைவகம். பிசிஐஇ 4.0 மதர்போர்டில் ஓரளவு சமாளித்தது, 3.0 மட்டுமே உள்ள பழைய போர்டில் பாதை பாதியாகக் குறைந்து வேகம் வெகுவாக விழுந்தது. மூன்றாவது, கார்டின் சொந்த நினைவகம். 2023-இல் கணினிக்கு வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 1 போன்ற விளையாட்டுகள் உயர் டெக்ஸ்சரில் 8 ஜிபியை நிரப்பித் தள்ளின. அது செயலிக்கும் கார்டுக்கும் உள்ள பிணக்கே அல்ல.

நான்காவது ரேம். ஒற்றைக் குச்சி போட்டால் ஒரு சேனல்தான் வேலை செய்யும். இரண்டாகப் போட வேண்டும். 6000 வேகத்து டிடிஆர்5 வாங்கிப் போட்டாலும் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை இயக்காவிட்டால் அது குறைந்த வேகத்திலேயே ஓடும். காசு கேட்காத இந்த ஒரு மாற்றம், செயலி தடையாக உள்ள விளையாட்டில் உடனே பலன் தரும்.

இருக்கும் கணினியைச் சோதிக்கும் வழி

புதிதாக வாங்கும் முன், இருப்பதில் தடை எங்கே என்று கண்டுபிடிக்கலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருளில் கார்டின் பயன்பாட்டைத் திரையில் காட்டச் செய்யுங்கள். வி-சிங்க், பிரேம் வரம்பு இரண்டையும் அணைத்துவிட வேண்டும். கார்டு 95 சதவீதத்துக்கு மேல் ஓடினால் தடை அங்கே. 60, 70 என்று தூங்கினால் சந்தேகம் செயலியின் மேல்.

செயலியின் மொத்தப் பயன்பாட்டு எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பன்னிரண்டு இழையுள்ள செயலியில் ஒரே ஓர் இழை முழுதாகத் திணறினாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான். '30 சதவீதம்கூடப் போகவில்லையே' என்று செயலிக்கு நற்சான்றிதழ் கொடுப்பது இதனால்தான் தவறாகிறது. இன்னும் உறுதியான சோதனை: ரெசல்யூஷனை ஒரு படி இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் கார்டு தடை. அசையாமல் நின்றால் செயலி தடை.

பணத்தைப் பங்கிடுதல்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டானாலும் பெங்களூரு எஸ்.பி. ரோடானாலும் கடைக்காரர் கேட்பது பட்ஜெட்டைத்தான். அதற்கு முன்பு நாம் சொல்ல வேண்டியது திரையும் ஆட்டமும். மூன்று வகை வாங்குபவர்களை எடுத்துக்கொள்வோம்.

போட்டி விளையாட்டுகளை 1080பி, 240 ஹெர்ட்ஸில் ஆடுபவர்: செயலியில் கை தாராளமாக இருக்கட்டும். கேஷ் மிகுந்த எக்ஸ்3டி வகை அல்லது புதிய தலைமுறை ஆறு கோர் செயலி, அதனுடன் ஆர்டிஎக்ஸ் 4060 தரத்துக் கார்டு போதும்.

கதை விளையாட்டுகளை 1440பி-யில் 60 முதல் 100 எஃப்பிஎஸ் வரை ஆடுபவர்: ரைசன் 5 7600 போன்ற ஆறு கோர் செயலி, 12 ஜிபிக்குக் குறையாத ஆர்டிஎக்ஸ் 4070 அல்லது ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி தரத்துக் கார்டு. பொதுவாகச் சொல்லப்படும் 'கார்டுக்குச் செயலியைப்போல் இரு மடங்கு பணம்' என்ற வழக்கு இவருக்குத்தான் மிகவும் பொருந்தும்.

4கே திரை வைத்திருப்பவர்: அதே ஆறு கோர் செயலியோடு நிறுத்தி, மிச்சத்தை முழுதும் கார்டுக்கும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் கொடுக்கலாம். ஆர்டிஎக்ஸ் 4060 கேட்பது 115 வாட். 4090 கேட்பது 450. 2025-இல் வந்த 5090-க்கு 575. கார்டு பெரிதாகும்போது கேபினெட்டின் காற்றோட்டமும் செலவுப் பட்டியலில் சேர்கிறது. அறை வெப்பம் 35 டிகிரியைத் தொடும் நம் கோடையில் இதில் மிச்சம் பிடித்தால், சூட்டைத் தாங்காமல் கார்டும் செயலியும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

நாளைய மாற்றத்தையும் இன்றே யோசிக்க வேண்டும். கார்டைக் கழற்றி வேறு மாட்டுவது எளிது. செயலியை மாற்றும்போது சாக்கெட் ஒத்துவராவிட்டால் மதர்போர்டு, சில சமயம் ரேமும் சேர்ந்து மாறும். ஏஎம்4 சாக்கெட்டில் 2017-இல் போர்டு வாங்கிய பலரால், பயாஸ் அப்டேட் செய்து 2022-இன் 5800எக்ஸ்3டியை அதிலேயே பொருத்த முடிந்தது. அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்கு 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. பட்ஜெட் இறுக்கமாக இருப்பவர் எதிர்காலமுள்ள போர்டில் எளிய செயலியோடு தொடங்கி, பிறகு செயலியை மட்டும் ஏற்றிக்கொள்ளலாம்.

தீர்ப்பு

'பணம் முழுதும் கார்டுக்கே' என்பதும் 'செயலிதான் மூளை, அதில் குறை வைக்காதே' என்பதும் அரை உண்மைகள். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு திரைக்கும் ஏதோ ஓர் ஆட்டத்துக்கும் சரி, மற்றவற்றுக்குத் தவறு. வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் மானிட்டரையும் ஆடப்போகும் விளையாட்டுகளையும் முடிவு செய்யுங்கள். மானிட்டரின் ஹெர்ட்ஸை எட்டும் செயலியைத் தேர்ந்தெடுங்கள், அதற்கு மேல் போகாதீர்கள். மீதிப் பணத்தில் மானிட்டரின் ரெசல்யூஷனுக்கு ஏற்ற சிறந்த கார்டை வாங்குங்கள். வாங்கும் முன் உங்கள் கார்டையும் உங்கள் ரெசல்யூஷனையும் வைத்து எடுத்த சோதனையைத் தேடிப் பாருங்கள். அந்தச் சோதனையில் வித்தியாசம் தெரியாத எந்தப் பொருளுக்கும் கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை.